ஐந்து நிமிடம் எழுந்து நின்று பேச

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சிலவற்றை எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.)



"இந்தத் தடவை நீங்க பேசணும் சார்" என்று செயலாளர் சொன்னபோது, மூத்த குடிமக்கள் வைப்புத்தொகை வட்டியைப் பற்றிப் பேசச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பேங்கில் இருந்தவனிடம் வேறென்ன கேட்பார்கள்? "தலைப்பு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அதனால் எனக்கு ஆயுள் முழுக்க வராமல் போன ஒரு காரியத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதுதான் அது. கையிலிருக்கும் இந்தச் சின்ன அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதில் ஆறு வரிதான் எழுதியிருக்கிறேன்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், காயப்போட்ட வற்றலை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பி பிளாக் பக்கத்தில் ஒரு பிள்ளை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். காதில் செல்போனும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய ஆச்சி. "ஏ மக்கா, நீ யாருட்ட பேசுக? தண்ணித் தொட்டிட்டயா?" என்று ஆச்சி கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

விசாரித்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் கல்லூரியில் மேடைப்பேச்சு ஒரு பாடமாம். திறன் மேம்பாட்டுத் தாள் என்று பெயர். வாரத்துக்கு இரண்டு பீரியட், மதிப்பெண்ணும் உண்டு. "அங்கிள், ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து கேக்கிறீங்களா? தொட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றாள். உட்கார்ந்தேன். அதன் பிறகு இரண்டு மாதம், வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நானும் பி.காம்.தான். 1970களின் கடைசியில், இதே நாகர்கோவிலில். எங்களுக்கும் வணிகத் தொடர்பு என்று ஒரு தாள் இருந்தது. சரக்கு சேதமாகி வந்தால் எப்படிக் கடிதம் எழுதுவது, பாக்கி கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது, மூன்றாவது நினைவூட்டலில் எவ்வளவு கடுமை காட்டலாம், இதையெல்லாம் கற்றுத் தந்தார்கள். வாயைத் திறந்து பேசுவதற்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

ஏன், பேச்சுப் போட்டி இருந்ததே என்பீர்கள். இருந்தது. முத்தமிழ் மன்றம், ஆண்டு விழா, சுழற்கோப்பை எல்லாம் இருந்தது. எங்கள் வகுப்பில் 60 பேர். போட்டிக்குப் பெயர் கொடுப்பது எப்போதும் அதே நாலு பேர். அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே நன்றாகப் பேசிப் பழகி வந்தவர்கள். மீதி 56 பேருக்கும் கை தட்டுகிற வேலை. மூன்று வருடம் ஒழுங்காகக் கை தட்டினோம். போட்டி என்பது ஏற்கெனவே பேசத் தெரிந்தவனைப் பொறுக்கி எடுப்பது. தெரியாதவனுக்குச் சொல்லித் தர அதில் இடமில்லை. நீச்சல் போட்டி நடத்துவதையும் நீச்சல் பழக்குவதையும் நாம் ஒன்றாக நினைப்பதில்லை. பேச்சில் மட்டும் அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இந்தப் பிள்ளையின் வகுப்பில் நடப்பது வேறு. ஒரு பருவத்தில் ஒவ்வொருவரும் நாலு தடவை பேசியாக வேண்டும். யாருக்கும் விலக்கில்லை. முதலில் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம். அடுத்தது ஏதாவது ஒன்றைச் செய்வது எப்படி என்று மூன்று நிமிடம். பிறகு கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சி, நாலு நிமிடம். கடைசியாக, கேட்பவர்களின் மனதை மாற்றுகிற மாதிரி ஐந்து நிமிடம். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. உள்ளங்கை அளவு அட்டையில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் ஆசிரியர் மேஜையைத் தட்டுவார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது துண்டுச் சீட்டு. ஒருவர் பேசி முடித்ததும், கேட்ட எல்லோரும் ஒரு சீட்டில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: "இவர் சொல்ல வந்தது என்ன?" நன்றாக இருந்தது, குரல் இனிமை என்றெல்லாம் எழுதக் கூடாது. சொல்ல வந்த விஷயம் என்ன என்று மட்டும்தான். சீட்டுகளைப் பேசியவரிடமே கொடுத்துவிடுவார்கள். பேங்கில் நாங்கள் சாயங்காலம் கேஷையும் லெட்ஜரையும் டாலி பண்ணுகிற மாதிரி, தான் சொன்னதும் மற்றவர்கள் வாங்கிக்கொண்டதும் ஒத்துப்போகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை இவளுக்கு டாலி ஆகவே இல்லை. தன் அம்மாவின் ஊர், அப்பாவின் ஊர், படித்த பள்ளிக்கூடம், பிடித்த பாட்டு, லட்சியம் என்று எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் திணித்திருக்கிறாள். அதிலும் முதல் 40 விநாடி, "முதற்கண் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு" என்கிற வகையில் போய்விட்டது. சீட்டைப் பிரித்தால் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். ஒருவன், "இவருக்கு இசை பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறான். அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்ததாக ஆச்சி சொன்னார்கள்.

இரண்டாவது பேச்சுக்கு ஆச்சிதான் வழிகாட்டி. ஓலைக்கொழுக்கட்டை அவிப்பது எப்படி என்பது தலைப்பு. குருத்தோலையை எப்படி நறுக்குவது, அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் பயறும் எந்தப் பதத்தில் சேர வேண்டும், மாவை உள்ளே வைத்து எப்படிக் கட்டுவது என்று மொட்டை மாடியில் எங்களுக்கு மூன்று நிமிடத்தில் சொல்லிக் காட்டினாள். சொல்லும்போது "செய்கிறோம், வைக்கிறோம்" என்று புத்தகத் தமிழில் விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓலை கிழிந்துவிட்டது. "ஐயோ, கீறிப் போச்சே" என்று தன் பேச்சுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்துதான் கேட்கிற மாதிரி ஆயிற்று. நம் ஊர்ப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கிறது, ராகம் போடுகிறோம் என்று வெளியூரில் கேலி செய்து செய்து, நாமே கொஞ்சம் கூச்சப்பட்டுப் போய்விட்டோம். மைக்கைப் பிடித்ததும் வேறு யாரோ மாதிரி பேச ஆரம்பிப்பதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். அன்றைக்கு வகுப்பில் எல்லாச் சீட்டிலும் ஏறக்குறைய ஒரே வரி: "ஓலையை இறுக்கிக் கட்டக் கூடாது." அதைத்தான் அவள் அழுத்திச் சொல்ல நினைத்ததும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பேச்சு என்பது பிறவியிலேயே வருவது என்கிற எண்ணம் நம் மாவட்டத்தில் ரொம்ப ஆழமாக இருக்கிறது. இருக்காதா பின்னே? பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவானந்தம், நம்முடைய ஜீவா, தமிழ்நாடு முழுக்க மேடையில் முழங்கியவர். 1963இல் அவர் இறந்தபோது நம் ஊர் எழுத்தாளர் சுந்தர ராமசாமி எழுதிய கட்டுரைக்கு 'காற்றில் கலந்த பேரோசை' என்று தலைப்பு வைத்தார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த குமரி அனந்தனை இலக்கியச் செல்வர் என்றே அழைத்தோம். 1977இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய், அங்கே தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக வாதாடியவர். 2025 ஏப்ரலில் 92 வயதில் காலமானார். நாகராஜா திடலில் மணிக்கணக்காக நின்று எல்லாக் கட்சிப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்டவர்களைக் கேட்டுக் கேட்டு, "அதெல்லாம் அவங்களுக்கு வரும், நமக்கு வராது" என்று உட்கார்ந்துவிட்டோம்.

ஆனால் இது பழகிப் பழகி வருவது என்பது பழைய காலத்திலேயே தெரிந்த சங்கதி. வள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம், 30 குறள் எழுதியிருக்கிறார். பகைவர் நடுவே போய்ச் சாகத் துணிகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, சபையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள்தான் அபூர்வம் என்று அதில் ஒரு குறளுக்குப் பொருள். போர்க்களத்தைவிடச் சபை பயங்கரமானது என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள் என்றால், நம் பொதுக்குழுவில் தொண்டை அடைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இப்போது நாம் அறிகிற மேடைப்பேச்சு, அதாவது ஒருவர் நின்றுகொண்டு உரைநடையில், பொதுமக்களுக்குப் புரியும்படி பேசுவது, தமிழில் ரொம்பப் பழையதும் இல்லை. கோயிலில் புராணத்தைப் பாடிப் பொருள் சொல்கிற வழக்கம் முன்பே உண்டு. நம் பக்கத்தில் 1806இல் மைலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்டு வருகிறோம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை பார்த்த ஆறுமுக நாவலர், அந்தப் பிரசங்க முறையைத் தன் சமயத்துக்காகப் பயன்படுத்தினார். 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம்தான் தமிழ் மேடைப்பேச்சின் தொடக்கங்களில் முக்கியமானது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டு, கை மாறிக் கை மாறி வந்த வித்தை இது.

வெளிநாட்டில் இதைக் கல்லூரிப் பாடமாக்கி ரொம்ப நாளாகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டில் 1806இலேயே பேச்சுக்கலைக்கென்று ஒரு பேராசிரியர் பதவி. முதலில் அதில் உட்கார்ந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் பிற்பாடு அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். 1912இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் டேல் கார்னகி மாலை வகுப்பு தொடங்கினார். அந்த வகுப்பின் வழிவந்த ஒரு பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஒருவர் வாரன் பஃபெட். பங்குச்சந்தை பார்க்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். இளம் வயதில் மேடை என்றாலே அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடுமாம். 100 டாலருக்குச் செக் கொடுத்து வகுப்பில் பெயர் பதிந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் பயந்துபோய் அந்தச் செக்குக்கு ஸ்டாப் பேமெண்ட் கொடுத்திருக்கிறார்! பேங்கில் எத்தனையோ ஸ்டாப் பேமெண்ட் கடிதம் வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு காரணத்துக்காக ஒன்றுகூட வந்ததில்லை. கொஞ்ச காலம் கழித்து மறுபடி சேர்ந்தபோது, புத்தி வந்து, ரொக்கமாகவே கட்டிவிட்டார். அவருடைய அலுவலகச் சுவரில் பட்டச் சான்றிதழ் இல்லை, அந்த வகுப்பின் சான்றிதழ்தான் தொங்குகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பயத்தைப் பற்றிச் சொல்லும்போது நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். கன்னியாகுமரிப் பாறையை நாம் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுகிறோம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே இருந்தார். அடுத்த செப்டம்பர் 11ஆம் தேதி சிகாகோவில் பேசினார். அந்தப் பேச்சு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய சில மணி நேரம் பலருக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லாம் தயார் செய்து எழுதி வந்திருக்க, தான் மட்டும் எதுவும் தயார் செய்யாமல் வந்துவிட்டதாகவும், நெஞ்சு படபடத்து நாக்கு வறண்டு போனதாகவும், காலையில் எழுந்து பேசவே துணிவு வரவில்லை என்றும் சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்கு அந்த நவம்பரில் கடிதம் எழுதினார். பிற்பகலில்தான் எழுந்தார்.

காந்தியும் அப்படித்தான். 1891இல் லண்டனை விட்டுக் கிளம்பும்போது நண்பர்களுக்கு விருந்து வைத்தார். சில வாக்கியங்களில் ஒரு பேச்சை யோசித்து யோசித்துத் தயார் செய்திருந்தும், முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரிடம் வாங்கிய 30 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நாக்கு வறள்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பிள்ளையின் ஆசிரியர் வகுப்பில் விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று உடம்பு நினைத்துவிட்டால் எச்சில் சுரப்பது குறையும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். நாய் துரத்தினாலும் இப்படித்தான், மைக் கொடுத்தாலும் இப்படித்தான். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், எழுந்ததும் பேசாமல் இரண்டு மூச்சு விட வேண்டும், முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நான் எழுந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேனே, மறந்துவிட்டேன் என்று முன்வரிசையில் சிலர் நினைத்திருப்பீர்கள். அந்த இரண்டு மூச்சுதான் அது.

எனக்கு ஒரு விஷயம் புரியாமலே இருந்தது. 38 வருடம் கவுண்டரில் உட்கார்ந்து தினம் நூறு பேரிடம் பேசியிருக்கிறேன். கோபமாக வந்தவர், பணம் எடுக்கத் தெரியாமல் தவித்தவர், கைநாட்டு வைத்த பாட்டி, யாரிடமும் தயங்கினது கிடையாது. அதே ஆட்களில் இருபது பேரை ஒன்றாக உட்கார வைத்தால் மட்டும் ஏன் நடுங்குகிறது? இதை அவளிடம் சொன்னேன். "எங்க மேடம் ஒரு நேரத்துக்கு ஒருத்தரைப் பார்த்துத்தான் பேசச் சொல்வாங்க அங்கிள். ஒரு வாக்கியம் ஒருத்தருக்கு. முடிச்சிட்டு அடுத்த ஆள்" என்றாள். டோக்கன் முறைதான்! நம்பர் 23 வந்தால் 23ஐப் பார்த்துப் பேசு, முடிந்ததும் 24. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேஷியர் எண்ணினால் பணம் எண்ணுவது தப்பிவிடும். இது 1981இல் தெரிந்திருந்தால் எனக்குச் சில விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும்.

அதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1984இல் ஒரு நாள் என் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கேஷியர்தான் கைப்பணம் போட்டுக் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வீட்டில் கைக்குழந்தை. எனக்கு மூத்த ஓர் ஊழியர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், வடசேரி வரை சைக்கிளில் போய் வீட்டிலிருந்து பணம் எடுத்து வந்து கொடுத்தார். யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை. 2019இல் எனக்குப் பிரிவு உபசார விழா நடந்தபோது, ஓய்வு பெற்று வருடக்கணக்கான அந்த அண்ணாச்சி வேட்டி சட்டையில் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்து வைத்திருந்தேன். சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு விநாடி இருக்கும். சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரலாம் என்று தேடியபோது, கடைசி பஸ் என்று கிளம்பிவிட்டார். மறு வருடம் அவர் இறந்துபோனார்.

சரி. இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பிள்ளையின் கடைசிப் பேச்சு, மனதை மாற்றுகிற பேச்சு, ஐப்பசியில் வந்தது. மழை என்பதால் மாடிப்படி முகப்பில் நானும் என் மனைவியும் ஆச்சியும் உட்கார்ந்து கேட்டோம். தலைப்பைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வாடகைக்கு இருப்பவர்களையும் பொதுக்குழுவில் பேச விடுங்கள்." அவர்கள் வீடு வாடகை வீடு, உங்களுக்குத் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்னால் நம் மூன்று பிளாக்குக்கும் வர்ணம் அடிக்கக் கூட்டம் போட்டோமே, அதிலிருந்துதான் தொடங்கினாள். இரண்டு விலைப்புள்ளி வந்தது. ஒன்று 14 லட்சம். இன்னொன்று 15 லட்சத்து 40 ஆயிரம். குறைந்ததை எடுத்தோம், கை தட்டினோம். பிறகு 14 லட்சத்துக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 2 லட்சத்து 52 ஆயிரம் வந்தது. மொத்தம் 16 லட்சத்து 52 ஆயிரம். வேண்டாம் என்று தள்ளிய விலையில் வரியும் சேர்ந்திருந்தது. ஆக 1 லட்சத்து 12 ஆயிரம் கூடுதல். 48 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,333 ரூபாய். அதற்காக அந்த வருடம் நாம் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் இருக்கும்.

"அன்னைக்குக் கூட்டத்துல பின்னால எங்க அப்பா நின்னுட்டிருந்தாங்க" என்றாள் பிள்ளை. "அவங்க பெயிண்ட் கடையில கணக்கு பாக்கிறவங்க. முதல் விலையில வரி தனி, ரெண்டாவதுல வரி சேர்ந்திருக்குன்னு பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. கையைத் தூக்கினாங்க. வாடகைக்காரங்க பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கையை இறக்கிட்டாங்க." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

முடித்ததும் எங்கள் மூன்று பேரிடமும் சீட்டு கொடுத்தாள். ஆச்சி எழுத மாட்டார்கள், வாயால் சொன்னார்கள். என் மனைவி எழுதிக் கொடுத்தாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: "எனக்கும் தெரியும்."

ஆமாம். அன்றைக்கு அந்த விலைப்புள்ளி என் கைக்கு வந்தபோது, கீழே பொடி எழுத்தில் "வரி தனி" என்று இருந்ததைப் பார்த்தேன். ஆயுள் முழுக்கப் பொடி எழுத்து படித்துச் சம்பளம் வாங்கியவன், பார்க்காமல் இருப்பேனா? மனக்கணக்கும் போட்டுவிட்டேன். எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கை தட்டும்போது நான் மட்டும் எழுந்தால் என்ன நினைப்பார்கள், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும், பிறகு செயலாளரிடம் தனியாகச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தீர்மானம் நிறைவேறி டீயும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இதை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. அவர் கை தூக்கியும் பேச விடவில்லை. என்னைப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்தேன். வீட்டுக்கு 2,333 ரூபாய் என் மேல் பற்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

நம் சங்க விதிகளை எடுத்து வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் நம்முடையது. ஓட்டு உறுப்பினருக்கு மட்டும் என்று விதியில் இருக்கிறது. மற்றவர்கள் பேசக் கூடாது என்று எந்த இடத்திலும் இல்லை. அது நாமாகப் பழக்கிக்கொண்டது. அதனால் வருகிற பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன்: வாடகைக்கு இருப்பவர்கள் ஓட்டில்லாமல், ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். உறுப்பினர்களுக்கும் அதே மூன்று நிமிடம்தான். இந்த இரண்டாவது பாதி யாருக்காக என்று உங்களுக்கே தெரியும், பெயர் சொல்லவில்லை. நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. லிஃப்டிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நாம் எல்லோருமே பிரமாதமாகப் பேசுகிறோம். கூட்டத்தில்தான் வாய் வருவதில்லை. ஆகவே மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் கூடலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு மூன்று நிமிடம், உள்ளங்கை அளவு அட்டை, துண்டுச் சீட்டு. சொற்பொழிவு எதுவும் தேவையில்லை. சாம்பார் வைப்பது எப்படி, பென்ஷன் வாழ்வுச் சான்று செல்போனில் கொடுப்பது எப்படி, சி பிளாக் மோட்டார் ஏன் அடிக்கடி நிற்கிறது, எதுவானாலும் சரி. நேரம் பார்க்கவும் மேஜை தட்டவும் அந்தப் பிள்ளை ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். ஆச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நாற்காலியை மட்டும் யாராவது மேலே தூக்கி வைத்துவிடுங்கள். மழை என்றால் மாடிப்படி முகப்பில். சுக்குக்காப்பி என் வீட்டிலிருந்து வரும்.

மேஜையைத் தட்டுகிறாள். வணக்கம்.